வால் தொங்காத லேப்டாப்

எங்கள் வீட்டில் ஒரு தம்ளர் கீழே விழுந்தாலும், "ரீத்தா கை பட்டுட்டு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். ரீத்தா என் மருமகள். மூன்று வருடமாக நடக்கிற கேலி இது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தக் கை அவளுடையது இல்லை, என்னுடையது.

திரேஸ்புரம் கடற்கரையில் நாற்பது வருடம் மீன் ஏலம் எடுத்தவள் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் மீனில் என்னை ஏமாற்றியவன் கிடையாது. தலையைப் பிடித்துத் தூக்குவேன். உடம்பு விறைத்து வால் நேராக நின்றால் இன்றைய மீன். வால் தொங்கினால் ஐஸில் கிடந்த பழசு. இந்த ஒரு அறிவை வைத்து உலகத்தில் எதையும் வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். (சேலை, கட்டில், சம்பந்தம் எல்லாம் அப்படித்தான் பார்த்தேன். சம்பந்தம் மட்டும் நன்றாக அமைந்தது.)

ரீத்தா அறிவியல் டீச்சர். திரையிலேயே பேனாவால் எழுதி, படம் வரைந்து பாடம் நடத்த மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. திங்கட்கிழமை தலைமையாசிரியை அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தது. ஒரு வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். சனிக்கிழமை அவள் கிளம்பியபோது நானும் செருப்பை மாட்டினேன்.

"வெயிலா கெடக்கு மாமி. நீங்க எதுக்கு?"

"ஒன்ன ஏமாத்திருவானுவ. நான் வாரேன்."

ரீத்தா கேட்ட லேப்டாப்பைக் கடைப்பெண் எடுத்து வைத்தாள். நடுவாந்தர விலை. மூடியைத் திறந்து பின்னால் தள்ளினாள், இன்னும் தள்ளினாள். அது முழுக்கச் சுற்றிப்போய் முதுகோடு ஒட்டிக்கொண்டு சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. ரீத்தாவின் முகம் மலர்ந்தது. நான் மூடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன்.

"ஏளா, இது கழுத்து தொங்குது. பழசு."

"மாமி, இப்படி மடங்குததுக்குத்தான் இந்த வெலையே."

"நேத்துதான் வந்துது பாட்டிம்மா" என்றாள் கடைப்பெண்.

"மீன் விக்குதவனும் நாப்பது வருஷமா இதத்தான் சொல்லுதான்" என்றேன். (பாட்டிம்மா என்றதும் எனக்குப் பிடிக்கவில்லை.)

பக்கத்தில் அதே விலையில் வேறொன்று இருந்தது. மூடியைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது. தள்ளினேன், அசையவில்லை. அன்றைக்குப் பிடித்த சீலா மீன்போல என்ன ஒரு விறைப்பு. "இங்கன பாரு, இதுதான் சரக்கு" என்றேன். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பேனாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிரூபித்துக் காட்டுவோம் என்று இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன்.

நண்டுக்கால் ஒடிகிற சத்தம் கேட்டது. மூடி சாய்ந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. வால் தொங்கிவிட்டது.

முதலாளி வந்தார். "யாரு கை வச்சது?"

ஏலக்களத்தில் பத்து ஆம்பிளைகளை அடக்குகிற நான் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். (ஒளித்துக்கொண்டேன் என்பதுதான் சரி.)

"என் கை பட்டுட்டு அண்ணாச்சி" என்றாள் ரீத்தா.

"படிச்ச பிள்ளதானம்மா, பாத்து எடுக்கக் கூடாதா?"

அவள் தலையைக் குனிந்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒடிந்ததை வாங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் ஒரு வருட மிச்சம் அதோடு போனது. ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் என் மகன் கேட்டபோதும் அதே பதில்தான். அவன் சிரித்தான். அன்று தொடங்கியது இந்தக் கேலி. திங்கட்கிழமை, தூண்டில் நரம்பால் கட்டிய மூடியைச் சாக்பீஸ் பெட்டியில் சாய்த்து வைத்து, படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தினாளாம். தலைமையாசிரியையிடமும் தன் கை என்றே சொன்னாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு உடைந்தது. மறுபடியும் சிரிப்பு. என்னால் தாங்க முடியவில்லை.

"லேப்டாப்ப ஒடச்சது நான்" என்றேன்.

மகன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "பாத்தீயளா, மருமகளக் காப்பாத்தப் பழியத் தன் தலயில போடுதாவ. இப்படி ஒரு மாமியார் எவளுக்குக் கெடைக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது தெருவில் நல்ல மாமியார் என்ற பேரும் பரவிவிட்டது. வாயால் சொன்னது எடுபடாததால்தான் எழுதுகிறேன்.

ரீத்தா உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் மீன் வாங்கிவந்தபோது, ஒன்றைத் தலையைப் பிடித்துத் தூக்கினாள். வால் நேராக நின்றது.

"நல்லா வெறப்பாத்தான் இருக்கு மாமி" என்றாள். "அழுத்திப் பாக்கியளா?"