தலை எங்கள் வீட்டில், வயிறு உங்கள் வீட்டில்

நோவா ஒலிண்டா,
பிப்ரவரி 6, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய நெயுமா பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை லிண்டால்வாவின் மகள் எலிவானியா எழுதுவது. முதலில் உங்கள் ஆசியைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது வருடமாகக் கேட்காமல் விட்ட ஆசிகளையும் இதிலேயே சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். க்ராட்டோவில் உங்கள் முழங்கால், வாக்னர் அண்ணனின் மோட்டார் சைக்கிள், சுவெலி அண்ணியின் தையல் மெஷின் எல்லாம் தகராறு செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பா இருமுகிறார். முப்பது வருடம் கல்குவாரியில் இருந்தவர் ஒருநாள் இருமாமல் இருந்தால்தான் நாங்கள் பயப்படுவோம்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்கு மூன்று முறை போன் செய்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தது திருடர்கள் இல்லை. நான்தான். இரண்டாவது தடவை நீங்கள் "யாருய்யா அது, மூச்சு மட்டும் விடுறது?" என்று கேட்டபோதே சொல்லிவிட நினைத்தேன். வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் மூன்றாவது தடவை வந்துவிட்டது. அப்போது நீங்கள் சொன்னதைக் காகிதத்தில் எழுத முடியாது. எனக்கு வாய் திறந்து பேச வராது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டம் வாங்கிய பிறகும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதியது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

விஷயம் இதுதான். வரும் திங்கட்கிழமை கொத்தனார் வந்து உங்கள் வீட்டுத் தரைக்கல்லை எல்லாம் உடைத்துப் போட்டுவிட்டு, வெள்ளை டைல்ஸ் பதிக்கப்போகிறார் என்று சுவெலி அண்ணி சந்தையில் பார்த்தபோது சொன்னார். உடைக்கட்டும் பெரியம்மா. பளபளவென்று பதித்துக்கொள்ளுங்கள். சமையலறையில் இருக்கிற அந்த மீன் கல்லை மட்டும் யாரும் தொடவேண்டாம். அதற்காகத்தான் இத்தனை பக்கம்.

உங்களுக்குத் தெரிந்த கதையையே மறுபடி சொல்கிறேன், மன்னிக்கவும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குப் பிடி கிடைக்கும். நீங்களும் அம்மாவும் ஒரே வருடத்தில் வீடு கட்டினீர்கள். தரைக்குக் கல் எடுக்கக் குவாரிக்கு வந்தபோது அப்பா ஒரு பலகைக் கல்லின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினார். அது புத்தகம் மாதிரித் திறந்துகொண்டது. இரண்டு பக்கத்திலும் கல்லோடு கல்லாகிப்போன ஒரே மீன், முழங்கை நீளத்துக்கு. நம் ஊர்ப்பக்கம் தரையில் மீன் இல்லாத வீடு கிடையாதுதான். ஆனால் எல்லாம் விரல் நீளம். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒரே மீன், ரெண்டு வீடு. எந்த வீட்லயும் அடுப்பு அணையாது" என்று ஆளுக்கொரு பாதியைக் கொடுத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு வீட்டுச் சமையலறையிலும் தானே வந்து பதித்தும் கொடுத்தார்.

பிறகு வாக்னர் அண்ணனின் கல்யாணச் சாப்பாடு. உங்கள் புதுச் சமையலறையில், நாற்பது பேருக்கு முன்னால், நீங்கள் அம்மாவிடம் சொன்னது: "உண்மையான மீன் என் வீட்ல இருக்கு. உன் வீட்ல இருக்கறது மீன் படுத்தெழுந்த பாய்." அம்மா சொன்னது: "உன் மீனுக்குத் தலையே இல்லடி. வீட்டுக்காரிக்கு இருந்தாத்தானே மீனுக்கு இருக்கும்!" அப்போது எனக்குப் பதினான்கு வயது. கையில் கேக் தட்டோடு நின்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்றீர்கள். நான் கேக்கை வாயில் போட்டுக்கொண்டேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பதில் சொல்லும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். இப்போது சொல்கிறேன்.

நான் நம் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். தற்காலிகம்தான், ஜூனில்தான் முடிவு. அங்கே என் வேலை மீன்களின் தாடையை அளந்து வரைவது. நவம்பரில் ஒருநாள் சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டு கை நழுவியது. எடுக்கக் குனிந்தபோது, ஒன்பது வருடமாக நான் தாண்டிப் போன மீனின் தாடையைப் பார்த்தேன். அது நான் வரைந்த எந்தத் தாடை மாதிரியும் இல்லை. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. முதல் வாரம் எனக்கே சந்தேகம். இரண்டாவது வாரம் உறுதியாகிவிட்டதால் பயம், ஏனென்றால் இந்த மாதிரிக் கல்லெல்லாம் சட்டப்படி நாட்டுக்குச் சொந்தம், நான் சொந்த அம்மாவின் தரையையே காட்டிக்கொடுக்க வேண்டும். மூன்றாவது வாரம் அம்மா தரை துடைப்பதைப் பார்த்தேன். தன் மீன்தான் உண்மை என்று காட்டுவதற்காக அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கல்லை மட்டும் எலுமிச்சையும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிறாள் பெரியம்மா. பதினோரு கோடி வருடம் கரையாமல் கிடந்த செதில் அம்மாவின் எலுமிச்சையில் கரைந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன்.

"நாட்டுக்குச் சொந்தமா? அப்போ நாடு வந்து தரையத் துடைக்கட்டும்" என்றாள் அம்மா.

ஜனவரியில் பேராசிரியர் டெல்மோவை அழைத்து வந்தேன். தெற்கிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், அவசரக்காரர். நுழைந்ததும் தரையைப் பார்க்கப் போனார். அம்மா வழியை மறித்துக்கொண்டு கேட்டாள்: "எவ்வளவு காலமா இருக்காம் இந்த மீன்?" அவர் பதினோரு கோடி வருடம் என்றார். "அவ்வளவு நாள் இருந்தது, பயறு வேகற வரைக்கும் இருக்காதா? உக்காருங்க சார், சாப்பிடுங்க." பயறும் சோறும் கலந்து, மேலே நாலு பெக்கிப் பழம் வைத்துக் கொடுத்தாள். பெக்கியைக் கடிக்கக்கூடாது, பல்லால் மேலாகச் சுரண்டித்தான் தின்னவேண்டும், உள்ளே முழுக்க ஊசி முள் என்பது இங்கே நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. "சார், அதைக் கடிக்காதீர்கள்" என்ற வாக்கியத்தில் 'சார்' வரைக்கும் வந்திருந்தேன். அவர் கடித்துவிட்டார்.

அப்பா தன் இடுக்கியால் அவர் நாக்கிலிருந்து முள் பிடுங்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த மனிதர் அதற்குப் பிறகும் விடவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய, அடுப்படியில் மண்டி போட்டு, பூதக்கண்ணாடி வைத்து மீனைப் பார்த்தார். அம்மா கரண்டியோடு அவர் தலைமாட்டில் நின்றாள். பக்கத்து வீட்டு இரெனில்டா அக்கா சர்க்கரை கேட்டு வந்தவள், பாதிக் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தாடி வைத்த ஒருவர் அம்மாவின் காலடியில் அழுதுகொண்டு மண்டியிட்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் செய்தி: அருங்காட்சியகத்துச் சார் என்னைப் பெண் கேட்டு வந்தாராம், அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாளாம். உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அது பொய். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர் கேட்டது மீனைத்தான். அதற்குத்தான் அம்மா முடியாது என்றாள்.

இப்போது பதில். கல் பிளந்தபோது எலும்பும் பிளந்திருக்கிறது, ஆனால் நேராகப் பிளக்கவில்லை. மண்டையோடும் தாடையும் எங்கள் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன; உங்கள் கல்லில் தலை இருக்கிற இடத்தில் வெறும் அச்சுதான். முதுகெலும்பும் துடுப்பும் வயிறும் உங்கள் கல்லோடு போய்விட்டன. எங்கள் கல்லில் அந்த இடத்தில் வெறும் பள்ளம். ஆகவே எங்கள் வீட்டில் இருப்பது மீன் படுத்த பாய் என்று நீங்கள் சொன்னது கழுத்துக்குக் கீழே சரி. உங்கள் மீனுக்குத் தலை இல்லை என்று அம்மா சொன்னது கழுத்துக்கு மேலே சரி. மீதியெல்லாம் இரண்டு பேரும் கோபத்தில் சொன்னது. அதை அறிவியல் ஒன்றும் செய்ய முடியாது.

இது யாரும் இதுவரை பெயர் வைக்காத மீனாக இருக்கலாம் என்று பேராசிரியர் நினைக்கிறார். தலையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, துடுப்பெலும்பை எண்ணவேண்டும். அதோடு, சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அது எதையோ விழுங்கியிருக்கிறது. எங்கள் பள்ளத்தில் வயிறு இருந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் குழிந்து தெரிகிறது. என்ன விழுங்கியது என்பது உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. திங்கட்கிழமை கொத்தனாரின் சுத்தியல் விழுந்தால் அது கடைசிவரை யாருக்கும் தெரியாது. என் வேலைக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கொஞ்சம் அதற்காகவும்தான்.

அம்மாவிடம் கேட்டால், "மொதல்ல அவ கொடுக்கட்டும்" என்கிறாள். நீங்களும் அதையேதான் சொல்வீர்கள். ஆகையால் இப்போதைக்கு யாரும் எதையும் கொடுக்கவேண்டாம். கொத்தனாரை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். கல் சிமெண்டில் இறுகியிருக்கும், கடப்பாரை போட்டால் விரிசல் விட்டுவிடும். அறுக்கும் இயந்திரம் ஃபோர்ட்டலேசாவிலிருந்து வரவேண்டும். மனு எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கல்லை ஓரத்தில் பார்த்தால் மெல்லிய கோடு கோடாகத் தெரியும். அசையாத தண்ணீரின் அடியில் சேறு படிந்து படிந்து உண்டான கோடுகள். எத்தனை வருடத்துக்கு ஒரு கோடு என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் நம் சண்டையின் ஒன்பது வருடத்தை அதில் வைத்தால் ஒரு நகத்தின் கனம்கூட வராது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நகக்கனம்தான். நகத்துக்கு அடியில முள்ளு ஏறினா தெரியும்" என்றாள். அந்த மீன் செத்த நாளில் ஏரியில் எவ்வளவோ நடந்திருக்கும். எல்லாம் அழிந்துபோய், அது கடைசியாகச் சாப்பிட்டது மட்டும் மிஞ்சியிருக்கிறது. எது மிஞ்சும் என்று நம்மை யாரும் கேட்பதில்லை, பெரியம்மா.

என்னிடம் மிஞ்சியிருப்பது வேறொன்று. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டு, மின்சாரக் கட்டணம், பள்ளிக்கூடத்துக் காகிதம் எல்லாவற்றையும் நீங்கள்தான் படித்துச் சொல்வீர்கள். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தையல் கடைக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா என்னைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். "நீ படி. ஒரு கடுதாசிக்காக நான் இனிமே அவ வாசல்ல போய் நிக்க மாட்டேன்" என்றாள். அந்தச் சண்டை இல்லையென்றால் எனக்குப் பட்டம் இல்லை. அதற்கு நன்றி சொல்வதா, வருத்தம் தெரிவிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வாக்னர் அண்ணனுக்கும் சுவெலி அண்ணிக்கும் என் அன்பு. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் ஆசியை எதிர்பார்த்து,
எலிவானியா

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை மாலை): மேலே எழுதியதில் பெரும்பாலானது இனிமேல் தேவையில்லை. கடிதத்தை மடிக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். "என்னடி அது?" ஆராய்ச்சிக் குறிப்பு என்றேன். "படி." அங்கங்கே விட்டுவிட்டுப் படித்தேன். "ரெண்டு நாளா எழுதினே, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டே. மிச்சத்தை நாடு எடுத்துக்கிச்சா?" என்றாள். முழுவதையும் படித்தேன். கொத்தனார் வந்த இடத்தில் முகம் மாறியது. கடைசிப் பத்தி முடிந்ததும் எழுந்து, அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்து, "எஸ்பெடிட்டோ, அந்தக் கல்லை எடுங்க" என்றாள் அப்பாவிடம்.

சிமெண்ட், விரிசல், ஃபோர்ட்டலேசா இயந்திரம் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா குனிந்து, இரண்டு விரலைச் சந்தில் விட்டு, மூடியைத் திறப்பது மாதிரிக் கல்லைத் தூக்கிவிட்டார். அடியில் வெறும் மணல். "ஜோடி இருக்கற கல்லு. அதைப் பூசி அடைக்க மனசு வரல. உங்க பெரியம்மா வீட்லயும் மணல்லதான் போட்டிருக்கேன்" என்றார். ஒன்பது வருடமாக ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். "யாரு கேட்டீங்க?" என்றார். நான் யாரைப்போல என்று இப்போது புரிகிறது.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். நான்கு முழு வாக்கியம் பேசினேன். தண்ணீர் படாமல் போர்வையில் சுற்றிக் கொண்டுபோங்கள், சனிக்கிழமை மத்தியானம் க்ராட்டோவுக்கே வந்து பார்க்கிறேன் என்றார். அவர் வந்தால் பெக்கி மட்டும் வேண்டாம்.

நாளைக் காலை ஆறு மணி வேனில் அம்மா வருகிறாள், தனியாக. "நீ வந்தா தலை, வயிறுன்னு பாடம் எடுப்பே" என்று என்னை வரவேண்டாம் என்றுவிட்டாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் அவள்தான். உங்களிடம் ஒன்றும் பேசமாட்டாள், இதைத்தான் நீட்டுவாள். அதனால்தான் உறையின் மேல் 'பின்குறிப்பை முதலில் படிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். பெரியம்மா, கல் பதின்மூன்று கிலோ. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லும்வரை அம்மா அதைக் கீழே வைக்கமாட்டாள். முதலில் கதவைத் திறங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.