குறைத்த மருந்தும் போர்டு அண்ணாச்சியும்

புனே நகரத்தில் ஒரு குழந்தையின் நுரையீரலுக்காக அறிவிப்புப் பலகை எழுதி மாட்டிய ஒரே மனிதர் எங்கள் போர்டு அண்ணாச்சியாகத்தான் இருப்பார். வேறு யாராவது இருந்தால், அந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

திருநெல்வேலிக்காரர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சாங்வியில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் தனியாக இருந்தார். புனேக்காரர்களுக்கு வாயால் திட்டுவதைவிடப் பலகையில் எழுதித் திட்டுவதில்தான் திருப்தி. 'மணியை ஒருமுறை அடித்தால் போதும், உள்ளே இருப்பவர்கள் செவிடர்கள் அல்லர்' என்ற ரகம். நாற்பது வருஷத்தில் அண்ணாச்சி இந்தக் கலையில் உள்ளூர்க்காரர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். மேலே மராத்தியில் எழுதுவார். கட்டடத்தின் ஒரே தமிழ்க் குடும்பமான எங்களுக்காகக் கீழே தமிழிலும் எழுதுவார். "நாளைக்கு நீரு புரியலைன்னு சொல்லக்கூடாதுல்லா?"

என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது. ஆஸ்துமா. காலையும் மாலையும் இன்ஹேலர். மூன்று மாதமாக இழுப்பும் இல்லை, இருமலும் இல்லை என்றதும் டாக்டரம்மா மாலை மருந்தை நிறுத்தச் சொன்னார். இனி காலையில் மட்டும். அவசரத்துக்கான நீல இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், சந்தேகம் என்றால் போன் செய்யுங்கள், எட்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்.

நான் செய்த தப்பு, இதை லிஃப்டில் அண்ணாச்சியிடம் சொன்னது.

"சாயங்கால மருந்த நிறுத்தியாச்சா? இந்தப் பனிக்காலத்துலயா? அரே தேவா! என்ன வே, வெளையாடுதீரா?"

"டாக்டர் சொன்னதுங்க அண்ணாச்சி."

"டாக்டர் சொல்லிட்டா ஆச்சா? புறாத் தூசி கேக்குமா? ஊதுபத்திப் புகை கேக்குமா?"

மறுநாள் காலை லிஃப்டில் பலகை தொங்கியது. 'இரண்டாம் மாடியில் ஒரு குழந்தைக்கு மருந்து குறைக்கப்பட்டுள்ளது. புறாவுக்குத் தீனி போட விரும்புவோர் தங்கள் படுக்கையறையில் போடவும்.' படிக்கட்டில் இன்னொன்று: 'மிளகாய் தாளிக்குமுன் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்கவும். உங்கள் தும்மல் உங்களுக்கு மட்டும் சொந்தம் அல்ல.' எனக்கு மானம் போயிற்று. எல்லாரும் காகு, அதாவது சித்தி, என்று கூப்பிடும் மூன்றாம் மாடி மராத்தி அம்மாள் தினமும் புறாக்களுக்குச் சோளம் போடுகிறவர். அவரும் அசல் புனேக்காரிதானே? பலகைக்குக் கீழேயே ஒரு காகிதம் ஒட்டினார். 'என் புறாக்களுக்கு இரண்டு மொழியும் படிக்கத் தெரியாது. எழுதியவர் நேரில் வந்து விளக்கவும்.' ஆனால் அன்றிலிருந்து சோளத்தை எங்கள் பக்கம் போடாமல் மொட்டைமாடியின் மறுகோடிக்குக் கொண்டுபோனார்.

அண்ணாச்சியைச் சொல்கிறேனே, என் லட்சணம் என்ன? முதல் வாரமே யாழினி கடலை மிட்டாய் தின்று இரண்டு தடவை இருமினாள். மனைவிக்குத் தெரியாமல் மாலை மருந்தைக் கொடுத்துவிட்டேன். மறுநாளும் கொடுத்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி யாழினியைக் கையோடு பிடித்து அழைத்துவந்து எங்கள் ஹாலில் நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது.

"ஏட்டி, எங்கிட்ட சொன்னதை இங்கயும் சொல்லு."

யாழினி தன் சாங்வித் தமிழில் சொன்னாள். "அப்பா ஷாம்-கோ பஃப் குடுக்கறாங்க, அம்மாகிட்ட சொல்லாதே சொல்றாங்க. அம்மா சோனே-கா டைம்ல குடுக்கறாங்க, அப்பாகிட்ட சொல்லாதே சொல்றாங்க. அண்ணாச்சிகிட்ட சொல்லாதேன்னு யாருமே சொல்லல."

சாயங்காலம் நான், தூங்கப் போகும் நேரத்தில் அவள். இரண்டு வேளை மருந்தைக் குறைத்து மூன்று வேளை ஆக்கிய பெற்றோர் உலகத்திலேயே நாங்கள் இருவர்தான்.

"ஏனுங்க, நீங்களுமா?" என்றாள் மனைவி. பாதி அழுகை, பாதி சிரிப்பு.

டாக்டரம்மாவுக்கு போன் செய்து உண்மையைச் சொன்னோம். வாங்கிக் கட்டிக்கொண்டோம். எட்டு வாரத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். சாயங்காலமே எங்கள் ஃப்ரிட்ஜில் பலகை வந்துவிட்டது. 'இவ்வீட்டுப் பெற்றோர் நம்பத் தகுந்தவர்கள் அல்லர். காலை மருந்து முதல் மாடியில் வழங்கப்படும்.' அண்ணாச்சி நீல இன்ஹேலரை எங்களிடம் விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் போய்விட்டார். தினமும் காலை ஏழரைக்கு இஸ்திரி போட்ட சட்டையுடன் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். யாழினி பள்ளிச் சீருடையில் போவாள், மருந்தை இழுப்பாள், வாய் கொப்புளிப்பாள், வேனுக்கு ஓடுவாள்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது இருமினால்கூட நீல இன்ஹேலரைத் தேடினேன். ஐந்தாம் வாரம் யாழினிக்கு ஜலதோஷம் பிடித்தது. அன்று மாலை கதவைத் தட்டாமலே அண்ணாச்சி உள்ளே வந்தார். கையில் இன்ஹேலர். அதன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"தம்பி... மூணு தடவ இருமிட்டா. எனக்குக் கீழ கேட்டுது. ஒரே ஒண்ணு குடுத்திருவமா வே? டாக்டரம்மாட்ட சொல்லாண்டாம்."

நாற்பது வருஷம் வெடிமருந்துக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதையேதான் கேட்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க அண்ணாச்சி. கேட்டுட்டே செய்யலாமுங்க," என்று மனைவி போனை எடுத்தாள். மூச்சு வேகமா, நெஞ்சுக்குழி உள்ளே போகிறதா, பேசத் திணறுகிறாளா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. வெறும் ஜலதோஷம், மருந்தை மாற்ற வேண்டாம், கவனமாகப் பாருங்கள், மூச்சு இழுத்தால் நீலத்தைக் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார். நாங்கள் மூவரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்தோம். அவள் டிவியில் கார்ட்டூன் பார்த்தாள். நடுவில் திரும்பி, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கேட்டாள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிவிய மறைக்காம உக்காருட்டி," என்றார்.

எட்டு வாரம் முடிந்தது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறாள், காலை மருந்து மட்டுமே தொடரட்டும் என்றார். திரும்பி வந்தபோது அண்ணாச்சி கேட்டிலேயே நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் யாழினியின் தலையில் கைவைத்துவிட்டு மேலே போய்விட்டார். அன்றைக்கு மட்டும் எந்தப் பலகையும் எழுதவில்லை.

போன வருஷம் அவருடைய மகள் வந்து அவரை ஊரின் இன்னொரு மூலையில் கோந்த்வாவில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். கட்டடம் நிம்மதியாக இருக்கிறது. இப்போது யாழினி இருமினால் பயப்படுவதற்கு நாங்கள் இரண்டே பேர்தான் இருக்கிறோம். போதவில்லை.