பட்டுடுத்திய லயமும் 'எப்பவும்போல' சாரும்

யாரையும் அதட்டத் தெரியாமல் படமெடுக்க வந்த மனிதர் உலகத்திலேயே எங்கள் 'எப்பவும்போல' சார் ஒருவர்தான். சொந்தப் பெயர் எங்கள் தேயிலை மலையான சின்னக்கானலில் யாருக்கும் தெரியாது. கேமராவைத் தூக்கினால், "ஏனுங்க, எப்பவும்போல இருங்க" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

கீழே சமவெளியில் இருக்கும் நல்லேப்பிள்ளிக்காரர். நெல் விளைகிற பூமியை விட்டுவிட்டு, தோட்டத்து ஜனங்களின் கஷ்டத்தைப் படமெடுக்கிறேன் என்று மலையேறி வந்தவர். அவருக்கு ஜீப் ஓட்டியது நான். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கவலைப்படுவதில் மட்டும்தான் மேல்படிப்பு. பிரேக் பிடிக்குமா, கம்பெனிக்காரன் பார்த்துவிடுவானோ என்று வியர்த்துக்கொண்டே ஓட்டுவேன். ஒருநாள் வளைவில் ஒற்றை யானை. சார் கேமராவை நீட்டி அதனிடமும், "எப்பவும்போல இருங்க" என்றார். யானை அப்படியே இருந்தது. நான்தான் இல்லை.

அவர் எடுக்க வந்தது, தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிய வரிசை வீடான லயத்தில் மாரியம்மாக்கா இருந்த அறையை. அக்காவுக்கு ஓய்வுபெறும் வயது. வேலை முடிந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும், சொந்தமாக வீடு கிடையாது. இருக்கும் அறையும் மழைக்கு ஒழுகும். அந்தக் கோலத்தைப் பெரிய ஆபீஸருக்குக் காட்டினால் சர்க்கார் ஒரு வீடு தரும் என்று சார் நம்பினார்.

மழை கொட்டிய நாளாகப் பார்த்துப் போனோம். லயமே கல்யாண வீடு மாதிரி நிற்கிறது! ஒழுகும் கூரைக்கு அடியில் அண்டாவை வைத்துவிட்டு, பக்கத்தில் மாரியம்மாக்கா அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு. அடுத்த அறைப் பெண்களும் பட்டு.

"ஏனுங்க அக்கா, எப்பவும்போல இருங்கன்னு சொன்னனுங்களே..."

"நல்லாருக்கே! கிழிஞ்சத உடுத்திட்டு நிக்கதுக்கு எதுக்கு சார் படம்? அதத்தான் கண்ணாடி தெனமும் காட்டுதே!"

சார் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

ஆபீஸர் பாதிப் படத்திலேயே எழுந்துவிட்டார். "பட்டுச்சேலை கட்டி நிக்கிறாங்க. இவங்களுக்கு என்ன கஷ்டம், என்ன புத்திமுட்டு?"

சார் நேரே அக்காவிடம் வந்து, மறைக்காமல் சொன்னார். "உங்க பட்டைப் பாத்துப்போட்டு ஊடு இல்லைன்னுட்டாங்க. பழைய சேலையில மறுக்கா எடுக்கலாமுங்களா?"

அக்கா அண்டாவில் நிரம்பிய தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தார். "வேண்டாம் சார். அப்பிடிக் கிடைக்கிற வீட்ல எனக்கு ஒறக்கம் வராது."

சார் மறுபடி கேட்கவில்லை. அந்தப் படத்தை எவரும் வாங்கவுமில்லை. லயம் லயமாகப் போய், சுவரில் வேட்டியைத் திரையாகக் கட்டி, அவரே படத்தைப் போட்டுக் காட்டினார். ஜனங்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே விசிலடித்தார்கள்.

அக்கா அறையைக் காலி செய்து தங்கச்சி வீட்டுக்குப் போனபோது, சாமான் ஏற்றியது என் ஜீப்தான். முன்சீட்டில் சார், மடியில் அந்த அண்டா. கேமராவை அவர் தொடவேயில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி சார் போய்விட்டார். நல்லேப்பிள்ளிக்குப் புறப்பட ஜீப்பை எடுத்தால், தங்கச்சி வீட்டிலிருந்து வந்த மாரியம்மாக்கா முதல் ஏறுகிற பெண்கள் அத்தனை பேரும் பட்டுச்சேலை.

"அக்கா, இழவு வீட்டுக்குப் பட்டா? ஊரு என்ன பேசும்?"

"அவரு எங்களப் பாத்தது இதுலதாம்ல. வண்டிய எடு."

நல்லேப்பிள்ளியே வாய் பிளந்து பார்த்தது. யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். மாரியம்மாக்கா, கிடத்தியிருந்த சாரின் காலடியில் போய் நின்று, படத்துக்கு நிற்பதுபோல முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பின்னால் நின்ற நானும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

எப்பவும்போல இருக்க அன்றைக்கும் எங்களால் முடியவில்லை, சார்.