கழற்றத் தெரிந்த இருவர்

கழற்றியதையெல்லாம் மாட்டியாகிவிட்டது என்று ஏட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டபோது, தரையில் ஒரு திருகு மிச்சமிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதைக் குனிந்து எடுத்தாள். திருகைப் பார்த்தாள். பிறகு ஏட்டம்மாவைப் பார்த்தாள்.

"இது எங்க இருந்தது?"

"ஒண்ணு ரெண்டு மிச்சமாகும் மேடம். கம்பெனிக்காரன் கூடுதலா போட்டிருப்பான்."

"மேடம்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "இங்க நீங்க மெக்கானிக். நான் உங்க உதவியாள்."

"மறந்துபோச்சு மேடம்."

இருவர் முதுகிலும் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. அப்படியொரு கம்பெனி உலகத்தில் எங்கேயும் கிடையாது. முந்தின நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஏட்டம்மா வைத்த பெயர் அது. அந்த நீலச் சட்டைக்கு அடியில் இன்ஸ்பெக்டரின் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. ஏட்டம்மாவின் பையில் விலங்கு.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு இருந்தது முழங்கால் வலியும், வாய் நிறையச் சிரிப்பும், ஒரே ஒரு பிள்ளையும்தான். அந்தப் பிள்ளையைத்தான் போலீசார் 'பூனை' என்பார்கள். ஒரு பெரிய நகைக்கடையின் பெட்டகத்தைச் சத்தமே இல்லாமல் திறந்து, துடைத்து வைத்துவிட்டுப் போனவன். நகைகள் எங்கே போயின என்று இன்றுவரை துப்புக் கிடைக்கவில்லை. அவன் இன்று அம்மாவைப் பார்க்க வருவான் என்று தகவல். அவனுடைய படம் ஒன்று இருந்தது. தோள்வரை முடி, நெஞ்சுவரை தாடி, நடுவில் கொஞ்சம் மூக்கு.

போன தடவை அவனைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார்கள். பின்வாசலை ஏட்டம்மா பார்த்துக்கொள்வாள் என்று இன்ஸ்பெக்டர் முன்வாசலில் நின்றாள். மேடம் பின்வாசலில் இருப்பார் என்று ஏட்டம்மாவும் முன்வாசலுக்கே வந்து சேர்ந்தாள். 'நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க' என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பூனை பின்பக்கமாகப் போய்விட்டான். போகும்போது கதவைச் சாத்திவிட்டும் போயிருந்தான்.

மேலதிகாரி இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தத் தடவையும் விட்டீங்கன்னா பழைய ஃபைல் அறைதான். ரெண்டு பேருக்கும் ஒரே அறை. ஒரே மேசை. ரிட்டையர் ஆகிற வரைக்கும்."

ஃபைலுக்கு இருவருமே பயப்படவில்லை. அந்த ஒரே மேசைக்குத்தான் பயந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவைக்கூட மேசை விளிம்புக்கு நேராக வைப்பவள். ஏட்டம்மா அந்தப் பேனாவை எடுத்து முதுகு சொறிபவள்.

"சரியாயிடுச்சாம்மா?" என்று கூடத்திலிருந்து அம்மாள் கேட்டாள். "சத்தம் வருதுன்னு நான் யாருக்கும் சொல்லவே இல்ல. நீங்களா வந்திருக்கீங்க பாருங்க. இந்தக் காலத்துல யாரு இப்படி வர்றா?"

"இதோ ஓட்டிப் பார்த்துடலாம்மா!" என்றாள் ஏட்டம்மா.

இன்ஸ்பெக்டர் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஓடிட்டா நாம கிளம்பணும். அவன் வர்ற வரைக்கும் இழுக்க வேண்டாமா?"

"கவலைப்படாதீங்க மேடம். நான் மாட்டினது. ஓடாது."

அது ஓடியது. முதலில் இருமியது, பிறகு உறுமியது, அதற்குப் பிறகு நடக்க ஆரம்பித்தது. தடதடவென்று சுவரை விட்டு விலகி, இன்ஸ்பெக்டரை நோக்கி வந்தது.

"பிடிங்க! பிடிங்க!"

ஏட்டம்மா பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். மெஷின் அவளையும் இழுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குழாய் பட்டென்று பிடுங்கிக்கொண்டு, பாம்புபோலத் துள்ளி இன்ஸ்பெக்டரின் முகத்தில் அடித்தது.

"ஸ்விட்சை அணைங்க!"

அணைத்தாள். மெஷின் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் பாய்ந்துபோய்ச் சுவர்க் குழாயைத் திருகினாள். பதற்றத்தில் பலம் கொஞ்சம் கூடிவிட்டது. குழாயின் தலை அவள் கையோடு வந்துவிட்டது.

இப்போது தண்ணீர் கூரையைத் தொட்டது.

இன்ஸ்பெக்டர் இரு கைகளாலும் அதைப் பொத்தினாள். குனிந்த வேகத்தில் சட்டைப் பையிலிருந்த போன் நழுவி, கீழே இருந்த வாளிக்குள் விழுந்தது. தெருமுனையில் காருக்குள் இரண்டு கான்ஸ்டபிள்கள் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் இருப்பவன் மாதிரி யாராவது கட்டடத்துக்குள் நுழைந்தால் அந்தப் போனில்தான் சொல்வார்கள்.

"உங்க போன் எங்க?"

"அதுல சார்ஜ் இல்ல மேடம். காலையில வர்ற வழியெல்லாம் பாட்டு கேட்டேன்."

இன்ஸ்பெக்டருக்கு அழ வேண்டும்போல் இருந்தது. அழுதாலும் யாருக்கும் தெரியாத அளவுக்கு முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது. இனி பூனை படியேறி வந்தாலும் முன்கூட்டித் தெரியாது. கதவைத் திறந்தால் நேருக்கு நேர்தான்.

"கையை எடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று ஏட்டம்மா ஒரு துண்டைக் குழாயைச் சுற்றித் திணித்தாள். அதற்கு மேல், தன் பையிலிருந்த விலங்கை எடுத்து இறுக்கிப் பூட்டினாள்.

"ஏட்டம்மா! அது அரசாங்கச் சொத்து!"

"அரசாங்கம் மக்களுக்குத்தானே மேடம்?"

ஒரு பக்கமாகப் பீய்ச்சியடித்த தண்ணீர் இப்போது நாலு பக்கமும் பீய்ச்சியடித்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. படிக்கட்டில் யாரோ வேகமாக ஏறி வரும் காலடி.

இருவரும் சிலையாக நின்றார்கள். இன்ஸ்பெக்டரின் கை தானாக இடுப்புக்குப் போனது. காலடி வாசலில் நின்றது. கதவு தடதடவென்று இடிக்கப்பட்டது. ஏட்டம்மா ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் பதுங்கினாள். இன்ஸ்பெக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளியே தலை சொட்டச் சொட்ட ஒரு பெண்மணி நின்றிருந்தாள்.

"என்ன நடக்குது இங்க? எங்க கட்டில் மேல மழை பெய்யுது! என் வீட்டுக்காரர் குடை பிடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கார்!"

கீழ் வீட்டம்மாள். விறுவிறுவென்று உள்ளே வந்தவள் குழாயைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அது என்ன? கைவிலங்கா?"

"கிளிப்புங்க" என்றாள் ஏட்டம்மா. "புது மாடல்."

"நீங்கல்லாம் மெக்கானிக்கா? முதல்ல ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்க. இல்லைன்னா நான் போலீஸைக் கூப்பிடுவேன்!"

போலீஸ் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் இருக்கான்" என்றாள் அம்மாள், பீன்ஸ் தட்டை ஓரமாக வைத்துவிட்டு. "பக்கத்துலதான். கூப்பிடட்டுமா?"

அவள் எங்கேயும் போன் பேசிவிடக் கூடாது என்றுதான் இன்ஸ்பெக்டர் வந்ததிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். ஆனால் கணுக்கால்வரை தண்ணீர். எதிரே கீழ் வீட்டம்மாளின் மிரட்டும் விரல்.

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்கம்மா" என்றாள். "நாங்களும் விவரம் சொல்லணும்ல."

அம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, வீடு பூரா தண்ணிப்பா. மெஷின் ரிப்பேருக்குன்னு ரெண்டு பொண்ணுங்க வந்திருக்காங்க. பாவம், கழற்றிட்டாங்க, மாட்டத் தெரியல. சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா."

"இதோ வந்துட்டேம்மா" என்றது ஒரு குரல். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வார்த்தையையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. ரகசியச் சொல் இல்லை, எச்சரிக்கை இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

வந்தவன் மொட்டைத் தலையும் மழுங்கச் சிரைத்த முகமுமாக இருந்தான். தோளில் கனத்த தோல் பை. இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்ப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்.

"யாருங்க இதைக் கழற்றினது?"

ஏட்டம்மா இன்ஸ்பெக்டரைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் ஏட்டம்மாவைக் காட்டினாள்.

"நல்லாயிருக்கு உங்க வேலை! இப்படிப் பண்ணினா நாளைக்கு யாரு உங்களை வீட்டுக்குள்ள விடுவா?" என்று திட்டிக்கொண்டே குளியலறைக்குள் போனவன், கதவுக்குப் பின்னாலிருந்த ஏதோ ஒரு வால்வைத் திருகினான். தண்ணீர் அடங்கியது. வீடு முழுக்கச் சொட்டும் சத்தம் மட்டும்தான்.

"தொழில் தெரிஞ்சவன்னா இப்படி இருக்கணும்" என்று ஏட்டம்மா வாயைப் பிளந்தாள். இன்ஸ்பெக்டருக்கும் நெஞ்சு லேசாகியது. ஓடி ஒளிகிறவன் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திட்ட மாட்டான். திட்டுவாங்கியதில் அவளுக்கு இவ்வளவு நிம்மதி எப்போதும் வந்ததில்லை.

கீழ் வீட்டம்மாள் குடையை மடக்கச் சொல்லப் போனாள். ஏட்டம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு 'கிளிப்பை'த் திறந்து பையில் போட்டுக்கொண்டாள். பிளம்பர் குழாய்க்குப் புதுத் தலை மாட்டினான். பிறகு மெஷினைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது இங்க ஆகாதுங்க. கடைக்குத்தான் எடுத்துட்டுப் போகணும். ஆனா செம கனம், லிஃப்ட்டும் இல்ல. நான் போய் ஆள் கூட்டிட்டு மெதுவா வரேன். வர நேரமாகும், பரவாயில்லையா?"

இன்ஸ்பெக்டரின் மூளை வேகமாக வேலை செய்தது. பூனை எந்த நிமிடமும் வரலாம். வரும்போது வீட்டில் பிளம்பரும் கூலியாட்களும் கூட்டமாக நின்றால் வாசலோடு திரும்பிவிடுவான். மெஷின் இப்போதே போக வேண்டும், இவனும் இப்போதே போக வேண்டும்.

"எதுக்கு ஆளு? நாங்க பிடிக்கிறோம்" என்றாள்.

ஏட்டம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நானும் அதையேதான் சொல்ல வந்தேன்!"

வேலைக்குச் சேர்ந்து இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

மூன்று மாடி. பிளம்பர் முன்னால் வழிகாட்ட, இன்ஸ்பெக்டர் கீழ்ப்பக்கமும் ஏட்டம்மா மேல்பக்கமும் பிடித்தார்கள். "இடது! இடதுன்னா உங்க இடது இல்ல, என் இடது!" "விரலு! மேடம், என் விரலு!" ஒவ்வொரு திருப்பத்திலும் மெஷினுக்குள் என்னவோ கடகடத்தது. "அந்த மிச்சத் திருகோட கூட்டாளிங்க" என்றாள் ஏட்டம்மா. இன்ஸ்பெக்டர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரிப்பில் பிடி தளர்ந்தது. ஏட்டம்மா தன் வயிற்றால் முட்டுக்கொடுத்து மெஷினை நிறுத்தினாள்.

"விழுந்திருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்" என்றாள் இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கியபடி.

"நான் இருக்கேன்ல" என்றாள் ஏட்டம்மா.

வாசலில் ஒரு சிறிய வேன் நின்றது. தெருமுனைக் காரிலிருந்த கான்ஸ்டபிள்கள், மேடம் மெஷின் தூக்கி வருவதைப் பார்த்துப் பதறிப்போய் இறங்கி ஓடிவந்தார்கள். 'கண்டுக்காதீங்க' என்று இன்ஸ்பெக்டர் கண்ணால் சொன்னதை அவர்கள் 'கைகொடுங்க' என்று புரிந்துகொண்டார்கள். நாலு பேருமாகச் சேர்ந்து மெஷினை வேனில் ஏற்றினார்கள். பிளம்பர் கயிறு போட்டுக் கட்டினான்.

"ரொம்ப உதவிங்க அக்கா. உங்களைத் திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, பார்த்துப் போங்க" என்றாள் ஏட்டம்மா. ரோட்டில் வந்த லாரியை இன்ஸ்பெக்டர் கைகாட்டி நிறுத்தி, வேனுக்கு வழிவிட்டாள்.

மேலே வந்து தரையைத் துடைத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வீடு அமைதியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இப்போது எல்லாம் தயார். ஒரு வாசல், அதைப் பார்த்தபடி இரண்டு பேர். வரட்டும் பூனை.

"இந்தத் தடவை விடமாட்டோம் மேடம்" என்று ஏட்டம்மா கிசுகிசுத்தாள்.

"விடமாட்டோம்" என்றாள் இன்ஸ்பெக்டர். 'மேடம்' என்றதற்குக் கோபம்கூட வரவில்லை.

அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துவந்து, ஆளுக்கொரு கோப்பை டீயைக் கையில் கொடுத்தாள். இருவரின் நனைந்த தலையையும் வாஞ்சையோடு பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்மா. அந்த மெஷினைக் கீழே இறக்க நம்பிக்கையான ஆளு கிடைக்கலன்னு என் பிள்ளை எத்தனை நாளா அலைஞ்சான் தெரியுமா?"