காட்டுப்பள்ளிக்குப் போன விடை

"ப்பா, இந்தக் கணக்க எப்டிப்பா போடறது?"

ஆறாம் வகுப்பு ஏஞ்சலின் நீட்டியது ஒன்பதாம் வகுப்புப் புத்தகம். அப்பா சாம்சன் அதை முன்னும் பின்னும் புரட்டினான். அவன் படிப்பு எட்டோடு சரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புத் தகடு வெட்டுகிற வேலை.

பள்ளிக்கூடத்தில் தமிழ்செல்வி டீச்சர் சொல்லியிருந்தார். "உங்க பொண்ணுக்கு மூளை ஜாஸ்தி. பெரிய கிளாஸ் கணக்கு குடுத்து அனுப்பறேன். வீட்டுல யாராவது கூட உக்காருங்க, இல்லன்னா சலிச்சுப்போயிடும்."

ஒரு தடவை 'தெரியாது' என்று சொல்லிவிட்டால் மகள் அப்புறம் தன்னிடம் எதையுமே கேட்கமாட்டாள் என்று அவனுக்குப் பயம்.

"தெரியாம இன்னா? டயர்டா கீது. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் கம்பெனியில் இன்ஜினியர் விமலைப் பிடித்தான். விமல் கையில் சாக்பீஸ், எதிரே இரும்புத் தகடு. கணக்கை அதிலேயே விறுவிறுவென்று போட்டார். சாம்சன் போனை எடுப்பதற்குள் கிரேன் தகட்டைத் தூக்கிவிட்டது. விடை லாரியேறிக் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்துக்குப் போய்விட்டது.

அங்கே லோடை இறக்கவிடவில்லை. சூப்பர்வைசர் எபினேசர் போனோடு ஓடிவந்தார்.

"யோவ் சாம்சன், டிராயிங்ல இல்லாத எக்ஸு, ஒய்யிலாம் பிளேட்ல இன்னாத்துக்குன்னு கேக்கறான்யா! எக்ஸுன்னா இன்னாய்யா?"

"அதத்தான் சார் கண்டுபிடிக்கணும்."

அதோடு விமல் சாக்பீஸைத் தொடவில்லை. கணக்குகளைப் போட்டோ எடுத்து, தனக்குப் பள்ளியில் பாடம் நடத்திய டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் விடை வந்துவிடும். சாம்சன் அதை பஸ்ஸில் நெட்டுரு போட்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிப்பான். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். பாவம், அதற்காக அவன் ஓவர்டைமைக்கூட விட்டுவிட்டான்.

இப்படியே போயிருக்கலாம். பக்கத்து வீட்டு கங்கம்மா பத்தாவது படிக்கும் மகனை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ கணக்குல புலியாமேண்ணா! உன் பொண்ணு தெருவெல்லாம் சொல்லிக்கினு கீது. இவனுக்கும் சொல்லிக்குடுண்ணா."

சாம்சனுக்கு வேர்த்துவிட்டது. மறுநாள் லீவு போட்டுவிட்டு நேராகத் தமிழ்செல்வி டீச்சரிடம் போய்க் கொட்டிவிட்டான்.

"எனக்கு ஒரு எழவும் தெரியாது மிஸ். எங்க விமல் சாரோட டீச்சர் போட்டு அனுப்பறத ஒப்பிச்சுக்கினு கீறேன். தெரிஞ்சா எம்பொண்ணு என்ன மதிக்குமா?"

டீச்சர் சிரித்துவிட்டார்.

"விமல் எனக்குத்தான் அனுப்பறான் சார், ஆனா விடைய நான் எங்க போட்டேன்? 'எங்கப்பாக்குப் புரியற மாதிரி சுலுவா எழுதிக்கீறேன் மிஸ், இத அனுப்புங்க, அப்பத்தான் அவரு சீக்கிரம் வந்து எம்பக்கத்துல குந்துவாரு'ன்னு தினமும் ஏஞ்சலின்தான் போட்டுக் குடுக்குது!"