மாப்பிள்ளைக்குச் செய்த கோழிச் சலாட்

வீட்டுத்திட்டம்,
குருக்கள்மடம்.
14.08.2010

என் அன்புத் தங்கச்சி பூரணத்துக்கு, உன் அண்ணன் கனகசூரியம் தன் கையாலேயே எழுதுவது.

முதலில் எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்குக் கைநடுக்கம் ஒன்றும் இல்லை. தோணியில் ஒரு பக்கம் ஆள் கூடினால் சாய்வதுபோல என் வரிகளும் வலப்பக்கம் சாய்கின்றன, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் இந்தக் கை துடுப்பையும் வலையையும் தவிர வேறொன்றும் பிடித்ததில்லை. இப்போது பல்நோக்கு மண்டபத்தில் எறிக்கா ரீச்சர் நடத்தும் முதியோர் வகுப்பில் நான்தான் முதல் வாங்கில் இருக்கிறேன். 'ஞ' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் இஞ்சி வரும் இடங்களில் மை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நீயும் பிள்ளைகளும் பேர்ன் நகரத்துக் குளிரில் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையார் துணை. நாங்கள் சுகம்.

காரியத்துக்கு வருகிறேன். மகள் நிலக்சிக்குப் பிள்ளை பிறந்துவிட்டதாக உனக்கு யாராவது போனில் சொல்லக்கூடும். பிறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும், அதற்குள் அத்தை நம்பிவிடுவா என்று நிலக்சி சொல்கிறாள். இருந்தாலும் போனில் சொன்னால் பாதிதான் கேட்கும். கடிதத்தில் முழுவதும் கேட்கும்.

நடந்தது இதுதான். சென்ற மாதம் நீ எழுதிய கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு நாள் எடுத்தது. இதற்கு முன் உன் கடிதங்களை வேறு ஆட்கள் எனக்கு வாசித்துச் சொல்லுவார்கள். அவர்கள் வாசிக்கும்போது நீ கொஞ்சம் கோபக்காரியாகத் தெரிந்தாய், நான் வாசிக்கும்போது அப்படி இல்லை. பாலசுந்தரி அம்மாவின் மகன் தினேஸ் சண்டை முடிந்த பிறகு முதல் தடவையாக சுவிசிலிருந்து வருகிறார், தாயையும் கூட்டிக்கொண்டு நிலக்சியைப் பார்க்க வருவார், ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் ஊர்க் கண்பட்டு முறிந்தது, ஆகவே சரிவரும்வரை ஒருவரிடமும் மூச்சு விடாதே என்று எழுதியிருந்தாய். நான் மூச்சு விடவில்லை. நிலக்சியை வெயிலில் விடாதே, கறுத்துப்போவாள் என்று எழுதியிருந்தாய். பத்து நாள் வாசற்படி தாண்டவிடவில்லை, ரோட்டுப் பக்க யன்னலுக்கும் பழைய சேலை ஒன்றைக் கட்டினேன். தினேஸ் அங்கே சலாட்டோடுதான் இருக்கிறார், நான் கண்ணால் கண்டேன், நம் சோறு கறியெல்லாம் அவருக்கு ஒத்துவராது, இத்துடன் உள்ள தாளில் இருக்கிறபடி செய்து கொடு என்றும் எழுதியிருந்தாய். அந்தத் தாளால்தான் எல்லாம்.

தாளின் தலைப்பு, ஆசியச் சுவையில் கோழியும் பயறு கடலை வகையும் சேர்ந்த நிறைவான சலாட். ஆசியா எங்கே இருக்கிறது என்று எறிக்கா ரீச்சரிடம் கேட்டேன். அவர் சுவரில் இருந்த படத்தில் பெரிய இடம் ஒன்றைக் கையால் வட்டம் போட்டுக் காட்டி, "நாமளும் அதுக்குள்ளதான் ஐயா இரிக்கிறம்" என்றார். அறுபத்தேழு வருசமாக அதற்குள் இருந்தும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சந்தோசமாக இருந்தது. நாம் அதற்குள் இருந்தால் சுவையும் பக்கத்தில்தான் கிடைக்கும் என்று காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன்.

நாட்டுக்கோழி ஒன்றை வழியிலேயே வாங்கிக்கொண்டு, ஜெமீலாவின் கடையில் தாளை விரித்துவைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டேன். நல்லெண்ணெய், உள்ளிப்பூடு, இஞ்சி, பயறு, கடலை, கச்சான்கொட்டை, எள்ளு, தேன், சோயா சோஸ். பின்னால் நின்ற சனத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை, பிழையில்லாமல் வாசிப்பதில்தான் கவனமாக இருந்தேன். ஜெமீலா கோழியையும் பார்த்தாள், நல்லெண்ணெய்ப் போத்தலையும் பார்த்தாள்.

"என்னண்ணே, இவ்வளவு உள்ளியும் இஞ்சியும்? ஊட்டுல விசேஷமா?"

"ஓம் தங்கச்சி. ஆனா ஒருத்தருக்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"நான் ஏன் அண்ணே சொல்லப்போறன்? மகள் சொகமா இரிக்காவா?"

"சுகம்தான். வெளியில விடுறதில்ல."

அவள் உள்ளே போய்க் குளிக்கிற சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து பையில் வைத்தாள். காசு வேண்டாம் என்றாள். கடையில் ஏதோ இலவசம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். மேலே ஒரு குழந்தையின் படம் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது 'பே-பி' என்று எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தேன். அன்றைக்கு வாசித்தது மொத்தம் பதினொரு சொல்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் மூன்றாம் வீட்டுச் சீதேவிப்பிள்ளை வந்து இருந்தாள். முன்பென்றால் செக்பொயின்ற்றில் இறக்கிப் பையைத் திறந்து பார்ப்பார்கள். இப்போது அதெல்லாம் எடுத்துவிட்டார்கள். அந்த வேலையைச் சீதேவிப்பிள்ளை செய்கிறாள். பையைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கோழியக் குழம்பாக்கிப்போடாதீங்க அண்ணே. தணல்ல வாட்டிக் குடுங்க."

"வாட்டச் சொல்லித்தான் எழுதியிரிக்கி."

"ஆரு எழுதின?"

"தங்கச்சி. சுவிசில இருந்து."

"அப்ப அங்கயும் தெரிஞ்சிபோச்சி" என்று சொல்லி, இறங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நீ ஏதோ நம் சம்பந்தப் பேச்சை அவளிடம் சொல்லிவிட்டாய் என்று உன்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் வந்தது. அதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் சமையலைத் தொடங்கினேன். கோழிக்கு இஞ்சியும் உள்ளியும் அரைத்துப் பூசித் தணலில் வாட்டினேன். பயறும் கடலையும் அவிக்கப் பெரிய பானையில் வெந்நீர் வைத்தேன். நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி என்று இருந்தது. நம் வீட்டில் மேசைக்கரண்டி என்று தனியாக ஒன்று இல்லாததால் அகப்பையால் அளந்தேன். தேசிக்காய்ப் புளியும் தேனும் சோசும் எண்ணெயில் அடித்துக் கலந்து, கோழியைப் பிய்த்துப் போட்டு, மேலே வறுத்த கச்சானும் எள்ளும் தூவினேன். நிலக்சி யன்னல் சேலைக்குப் பின்னால் இருந்து, "அப்பா, இது பிள்ளப்பெத்த வீடு மாதிரி மணக்குது" என்றாள்.

"தாள்ல இரிக்கி மகள்."

"தாள்ல இருந்தா? நல்லெண்ணெய், உள்ளி, வாட்டின கோழி. இத ஆருக்குக் குடுக்கிற எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும், பூரணம்? நிலக்சி பிறந்தபோது நான் வாகரைப் பக்கம் மீன்பிடி வாடியில் தங்கியிருந்தேன். திரும்பி வரப் பத்தியச் சாப்பாட்டு நாற்பத்தொரு நாளும் கழிந்துவிட்டது. இதையெல்லாம் அறிந்த அவளுடைய தாயை, உன் மச்சாளை, சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வயதுக்கும் யார் யாரோ ஒரு தாளை நீட்டி, இப்படித்தான் எழுதியிருக்கிறது என்று சொல்ல, நான் தலையாட்டியிருக்கிறேன். இப்போதுதான் தாள் என் கையில் இருக்கிறது. அதில் ஒரு சொல்லையும் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மணித்தியாலம் குளிரவைக்கவும் என்றும் எழுதியிருந்தது. நம்மிடம் பிரிட்ஜ் இல்லை. மீன்வாடியில் குளிர் தாங்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றும் ஐஸும் வாங்கிவந்து சட்டியை அதற்குள் இறக்கினேன்.

பத்து மணிக்கு ஓட்டோவில் அவர்கள் வந்தார்கள். பாலசுந்தரி அம்மா நல்ல மனுசி, கதை குறைவு. தினேஸ் தம்பிக்கு முன்தலையில் மயிர் கொஞ்சம் போய்விட்டது, மற்றப்படி குறையில்லை. நிலக்சி சலாட் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

"மாமா, இத ஆரு செய்யச் சொன்ன?"

"ஏன் தம்பி, நீங்க அங்க இதோடதான் இரிக்கிறீங்களாமே. தங்கச்சி கண்ணால கண்டவ."

"ஓம், இதோடதான் இரிக்கிறன். ஹோட்டல் குசினியில ஒரு நாளைக்கு நூத்தம்பது கோப்பை நான்தான் கலக்குறன். ஒரு நாளும் தின்னதில்ல. பன்னெண்டு வருசமாப் புட்டையும் மீன்குழம்பையும் நினைச்சிக்கொண்டு வந்திரிக்கிறன் மாமா."

கதவுக்குப் பின்னால் நிலக்சி சிரித்துவிட்டாள். உன் மச்சாள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே, "அப்ப இதில வேலை தெரிஞ்சவர் நீங்கதானே, உப்புப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். தம்பி ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடிச் சுவைத்தார்.

"உப்புச் சரி. எண்ணெய் கூடிப்போச்சி. ஏன் மாமா இதுல கெளுத்தி மீன் மணக்குது?"

"ஐஸ்" என்றேன்.

காரியம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த நேரம் படலையைத் திறந்துகொண்டு சீதேவிப்பிள்ளையும் இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். ஒருத்தியின் கையில் துவைத்து மடித்த பழைய சீலைத்துணி, ஒருத்தியிடம் வசம்பு, ஒருத்தியிடம் தொட்டில் கட்டும் கயிறு. சீதேவிப்பிள்ளை வாசலில் நின்றே சொன்னாள்.

"நாங்க ஒண்டும் கேக்கமாட்டம் அண்ணே. ஆரு, எவரு எண்டு ஒரு கதையும் இல்ல. இந்த ரோட்டாருக்கு அலையில பதினொரு பிள்ளை போனது. இப்ப ஒண்டு வந்திரிக்கி. எங்களுக்கு அது போதும்."

சொல்லிவிட்டு நான்கு பேரும் குரவை போட்டார்கள். பாலசுந்தரி அம்மா கையில் கோப்பையோடு எழுந்துவிட்டார். நான் உடனே பிள்ளை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். சொன்னேன். "ஓம் ஓம் அண்ணே, இல்லத்தான்" என்று நான்கு பேரும் அன்பாகத் தலையை ஆட்டினார்கள். சீதேவிப்பிள்ளை பாலசுந்தரி அம்மாவைப் பார்த்து, "நீங்கதானா பிள்ளப்பெத்தவளப் பாக்க வந்திரிக்கிற? பால்சுறா அம்பிட்டா அனுப்புறன், புட்டுப் போட்டுக் குடுங்க, பால் ஊறும்" என்றாள். பாலசுந்தரி அம்மா ஐந்து பெற்றவர். கையில் இருந்த கோப்பையைக் குனிந்து மணந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஒருவரும் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

நான் விடவில்லை. "இது சலாட், நீங்களே வாசிச்சிப் பாருங்க" என்று தாளைக் கொடுத்தேன். தனக்கு வாசிக்கத் தெரியாது என்றார். நானே தலைப்பிலிருந்து வாசித்துக் காட்டத் தொடங்கினேன். 'இஞ்சி'க்கு வந்தபோது அவர் படலையில் நின்றார். 'எள்ளு'க்கு வந்தபோது ஓட்டோ சத்தம் கேட்டது. தினேஸ் தம்பி மட்டும் சப்பாத்துப் போட ஐந்து நிமிசம் எடுத்தார், அது கயிறு இல்லாத சப்பாத்து. ஆனால் அவரும் போய்விட்டார். நான் முடிவுவரை வாசித்தேன், ஒரு பிழையும் இல்லை.

ஆகவே பூரணம், இந்தச் சம்பந்தமும் முறிந்தது. உன்மேல் குறையில்லை, நீ நல்லதுக்குத்தான் அனுப்பினாய். மிச்சச் சலாட்டை அந்தப் பெண்கள் நிலக்சிக்குப் பக்கத்தில் இருந்து ஊட்டாத குறையாகத் தின்னவைத்தார்கள். அவள் கோப்பை முடியும்வரை தின்றாள். அன்றைக்குச் சிரித்ததற்குப் பிறகு இன்னும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் கவலை, ஊர் பேசுவது இல்லை. இனி அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுவோம்.

மச்சானுக்கு என் அன்பு. பிள்ளைகளைத் தமிழ் எழுதப் பழக்கு, அறுபத்தேழு வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உன் வீட்டு அடுப்பும் விளக்கும் என்றும் குறைவில்லாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
வே. கனகசூரியம் (கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: தபாலுறையை ஒட்டப் பசை தேடும்போது தினேஸ் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மேலே எழுதியதில் சம்பந்தம் முறிந்தது என்ற இடத்தை நீ வாசிக்க வேண்டாம். மூன்று நாள் எழுதியது என்பதால் வெட்ட மனம் வரவில்லை. பாலசுந்தரி அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் ஒருவரோடும் கதைக்கவில்லையாம். அவருடைய மூத்த மகனின் இரண்டு பிள்ளைகளும் சுனாமியில் போனவர்கள், உனக்குத் தெரியும். நேற்றுத்தான் வாய் திறந்து, "கடவுள் ஒரு பிள்ளைய வெச்சிரிக்கிற வீட்டவிட்டு நான் எழும்பி வந்திட்டன்" என்று அழுதிருக்கிறார். ஆவணியில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். தம்பி, "பிள்ளை இல்ல எண்டு நான் எத்தினை தரம் சொல்லிட்டன் மாமா. நீ எனக்குப் பயந்து மறைக்கிறாய் எண்டுறா" என்றார். மனுசி வெள்ளியில் அரைஞாண் வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை பேரப்பிள்ளையைத் தூக்க வருகிறாவாம். சீதேவிப்பிள்ளை ஆட்களும் நாங்கள் அன்றைக்குத்தான் பிள்ளையைக் காட்டுவோம் என்று நினைத்துப் படலையில் கூடுவார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் பிள்ளை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? நிலக்சியிடம் கேட்டேன். அவள் தம்பிக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள், திரும்பியும் பார்க்கவில்லை.

"ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுங்க அப்பா" என்றாள்.

தகப்பன் வாயால் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொன்னதும், அடுத்த கிழமை உனக்கு எழுதுகிறேன்.