பெரிய வெள்ளியன்று புகைந்த சாசேஜ்

இந்த ஈஸ்டர் கூடையில் மச்சான் செய்த சாசேஜ் ஏறாது என்று காஸிமிர் ஷிமான்ஸ்கி சபதம் போட்டார். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று, சமையலறையில் நின்றபடி, மனைவி ரெஜினாவுக்கு உருளைக்கிழங்குத் தோல் சீவக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போட்ட சபதம் அது.

காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு அந்தச் சமையலறைதான் ஆலை. ரெஜினாதான் அங்கே ஒரே தொழிலாளி. மேற்பார்வை என்றால் அப்படி ஒரு மேற்பார்வை. மிளகு டப்பா முதல் சோடா உப்பு வரை எல்லாவற்றையும் எழுத்து வரிசைப்படி அடுக்கிவைத்தார். ஃப்ரிட்ஜை அவள் திறந்து மூடும்போதெல்லாம் கரண்ட் வீணாகிறது என்று பெருமூச்சு விட்டார். ரெஜினா முப்பத்தைந்து வருஷம் தனியாக ஆண்ட ராஜ்ஜியம் அது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அன்றைக்கு நார்பர்ட் போன் செய்தான். ரெஜினாவின் அண்ணன்.

"மாப்ள, கூடைக்கு வழக்கம் போலத்தானே? உனக்கும் சேர்த்துப் போட்டுடறேன். நீ சாப்பிடற வேலைய மட்டும் பாரு."

காஸிமிருக்குச் சுருக்கென்றது. விஸ்கான்சின் மாநிலத்து ஸ்டீவன்ஸ் பாயிண்ட் ஊர்ப் போலந்துக்காரர்கள் ஈஸ்டருக்கு முந்தின நாள் கோவிலுக்குக் கூடை கொண்டுபோவார்கள். முட்டை, ரொட்டி, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வளைத்துவைத்த சாசேஜ். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். ஊரே குனிந்து அடுத்தவன் கூடையை மோந்து பார்க்கும். ஷிமான்ஸ்கி வீட்டுக் கூடையை மோந்து பார்த்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து, நார்பர்ட்டின் முதுகைத் தட்டிக்கொடுப்பார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றவரைக் கூடைக்கு வைத்த பிடி மாதிரிதான் பார்ப்பார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து இதே கதை.

"இந்த வருஷம் நானே செய்யப்போறேன்," என்றார் காஸிமிர், போனை வைத்துவிட்டு.

"எதை?"

"சாசேஜ."

ரெஜினா கத்தியைக் கீழே வைத்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"உங்களால முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"அதுக்குப் பொறுமை வேணும். அண்ணனே சொல்லிச்சு, உங்களால ஆகாதுன்னு."

"எப்ப சொன்னான்?"

"எப்ப சொல்லல?"

அந்த வாரமே, கறியைப் புகையில் வேகவைக்கிற மின்சாரப் புகைப்பெட்டி வந்து இறங்கியது. சின்ன பீரோ அளவுக்கு இருந்தது. கதவு, பட்டன், வெப்பம் காட்டும் கண்ணாடி எல்லாம் உண்டு. கீழே ஒரு தட்டில் ஆப்பிள் மரச் சீவலைப் போட்டு, மேலே சாசேஜைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது என்று அதோடு வந்த புத்தகம் சொன்னது. புத்தகம் எழுதியவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

"வீட்டுக்குள்ள வேண்டாம், கராஜ்ல வைங்க," என்றாள் ரெஜினா. "ஆனா பாவம், நாள் பூரா அங்கேயே உக்காந்திருக்கணுமே. உங்களால முடியாது."

"யாரால முடியாது?" என்று காஸிமிர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். பின்னாலேயே ரேடியோ போனது. அடுத்த நாள் கம்பளி போனது. விஸ்கான்சின் குளிரில் மூக்கு நுனி உறைந்தது. அவர் அசையவில்லை. சமையலறைப் பக்கம் தலை காட்டக்கூட நேரமில்லை.

முதல் முறை சூட்டைக் கூட்டிவிட்டார், கறி அடைத்த குடல் வெடித்துக் கொழுப்பெல்லாம் தட்டில் ஒழுகியது. அடுத்த முறை குறைத்தார், சாசேஜ் வெளிறிப்போய்க் காய்ச்சல்காரன் விரல் மாதிரி தொங்கியது. அதற்கடுத்தது டயர். ஒவ்வொன்றுக்கும் ரெஜினா கராஜ் கதவில் சாய்ந்து நின்று ஒரே தீர்ப்புதான் சொன்னாள். "விட்டுடுங்களேன். அண்ணன்கிட்ட சொல்லிடவா?"

"சொல்லித்தான் பாரேன்!"

பெரிய வியாழக்கிழமை வந்தது. கடைசி வாய்ப்பு. பன்றிக்கறியை அரைத்து, பூண்டு, மிளகு, மரு என்ற வாசனை இலை எல்லாம் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். உப்பை அள்ளிய நேரம் பார்த்து ரெஜினா உள்ளே வந்தாள்.

"என்னங்க, கோவிலுக்குக் கிளம்பலயா? பாதம் கழுவற பூசை."

"தோ வரேன்."

"கையில என்ன, உப்பா?"

"ஆமா, போட்டுட்டேன். இல்ல... போடப்போறேன். நீ ஏண்டி நடுவுல பேசற!"

போட்டாரா, போடவில்லையா? போட்டுவிட்டு மறுபடி போட்டாரா? சத்தியமாக நினைவில்லை. பூசை முடிந்து வந்து, குடலில் அடைத்து முடித்து, மீந்ததில் கொஞ்சம் வறுத்து ருசி பார்க்கலாம் என்று வாணலியை எடுத்தார்.

"மணியப் பாருங்க," என்றாள் ரெஜினா. "பன்னிரண்டு தாண்டிடுச்சு. பெரிய வெள்ளி பொறந்தாச்சு."

வாணலி இறங்கியது. வருஷம் முழுக்கக் குடித்துக் கூத்தடிக்கிறவன்கூட அந்த ஊரில் பெரிய வெள்ளியன்று கறியைத் தொடமாட்டான். சுத்தபோசனம் என்றால் சுத்தபோசனம்தான். சனிக்கிழமை காலையில் கூடை கோவிலுக்குப் போகவேண்டும், அதனால் வெள்ளிக்கிழமை புகை போட்டே ஆகவேண்டும். போடலாம், வாயில்தான் வைக்க முடியாது. உப்பில்லாத சாசேஜை நார்பர்ட்டின் தட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று காஸிமிர் நினைத்துப் பார்த்தார். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான். செத்த பிறகும் கல்லறையில் வந்து சொல்வான்.

வெள்ளிக்கிழமை பகலெல்லாம் பெட்டி புகைந்தது. பெட்டியைவிட அதிகமாக அவர் புகைந்தார். பெட்டியின் வெப்பமானி ஓரிடத்தில் வந்து நின்று, மேலே ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது. அவர் கதவைத் திறந்து பார்ப்பார். சூடு இறங்கிவிடும். கோபத்தில் மறுபடி திறப்பார். இன்னும் இறங்கும். பசித்த வயிற்றில் அந்த வாசனை வேறு குடலைப் பிடுங்கியது.

மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பக்கத்து வீட்டு ஆர்னே! நார்வேக்காரன். லூத்தரன் சபை. பெரிய வெள்ளியன்று கறி தின்றால் அவனுக்குப் பாவமில்லை. காஸிமிர் வேலி தாண்டி ஓடினார்.

ஆர்னே வந்தான். காஸிமிர் ஒரு சாசேஜை எடுத்து நறுக்கி நீட்டினார். ஆர்னே மென்றான். ஒரு பசுமாடு போல நிதானமாக மென்றான்.

"எப்படியிருக்கு?"

"மோசமில்ல."

காஸிமிருக்குத் தலை சுற்றியது. போன வருஷம் ஆர்னே வீட்டுக் கூரைமேல் மரம் விழுந்தபோதும் 'மோசமில்ல' என்றுதான் சொன்னான். மகளுக்குக் கல்யாணம் நடந்தபோதும் அதையேதான் சொன்னான்.

"உப்பு எப்படி?"

"இருக்கு."

"கம்மியா இருக்கா? ஜாஸ்தியா இருக்கா?"

"அத ஒரு துண்டுல எப்படிச் சொல்றது, காஸ்?"

இன்னொரு துண்டு கொடுத்தார். இன்னொன்று. முதல் சாசேஜ் முடிந்தது.

"இப்ப சொல்லு!"

"முந்தினத விட இதுல பூண்டு தெரியுது."

"எல்லாம் ஒண்ணுதான்யா! உப்பச் சொல்லு!"

ஆர்னே யோசித்தான். அடுத்த சாசேஜின் பக்கம் கண்ணை ஓட்டினான். "நடுவுல தொங்குதே, அதப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

நடுவில் தொங்கியதும் போனது. சமையலறை ஜன்னலிலிருந்து ரெஜினா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, கூடைக்கு மிச்சம் இருக்குமா? அண்ணன்கிட்ட சொல்லிடவா?" என்று குரல் கொடுத்தாள்.

"நீ உள்ள போடி!"

ஆர்னே எழுந்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். மேல்கோட்டைப் போட்டான். கதவுவரை போய்த் திரும்பினான்.

"காஸ், வீட்டுக்காரிக்கு ஒண்ணு கொண்டுபோகலாமா?"

காஸிமிர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு நார்வேக்காரன் வாயைத் திறந்து கேட்டு வாங்கிப்போகிறான் என்றால் அதற்குமேல் சான்றிதழ் கிடையாது. அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

சனிக்கிழமை கோவில் கூடத்தில் ஊர் குனிந்து மோந்து பார்த்தது. நிமிர்ந்து காஸிமிரின் முதுகைத் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு மேஜையைச் சுற்றி ரெஜினாவின் சொந்தங்கள் உட்கார்ந்தார்கள். நார்பர்ட் ஒரு துண்டு எடுத்தான். கார முள்ளங்கித் துருவலைத் தொட்டுக்கொள்ளாமலேயே வாயில் போட்டான். காஸிமிர் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள," என்றான் நார்பர்ட். "இது என்னோடத விட நல்லாருக்கு."

அப்புறம் வெளியே போய், தன் வண்டியிலிருந்து, சாசேஜ் அடைக்கிற பழைய கைமெஷினையும் கறி பிசைகிற பெரிய இரும்புத் தொட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து காஸிமிர் காலடியில் வைத்தான். "இனிமே இது உன்னோடது." எல்லோரும் கைதட்டினார்கள். காஸிமிரின் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்கவைக்கப் பார்த்தது. ஒரு அத்தை, அடுத்த வருஷம் தன் கூடைக்கும் சேர்த்துச் செய்யச் சொன்னாள். இன்னொருத்தி மகன் வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டாள். கோவில் விருந்துக்கும் வேண்டுமாம். காஸிமிர் எல்லோருக்கும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"அடுத்த குளிருக்கு நாங்க ஃப்ளோரிடா போறோம், மாப்ள," என்றான் நார்பர்ட். "முதுகு வலி தாங்கல. ஈஸ்டருக்குத்தான் திரும்பறோம். தவக்காலம் பூரா தொட்டியில கைய விட்டு மாரடிக்க ஆள் இல்லையேன்னு கவலையா இருந்துச்சு."

நார்பர்ட்டின் மனைவி ட்ரூடிக்கு வாயில் எதுவும் தங்காது. "எல்லாம் ரெஜினா குடுத்த யோசனைதான்!" என்று சிரித்தாள். "'அவரால முடியாது, முடியாதுன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க, மிச்சத்த அவரே பாத்துக்குவாரு'ன்னா. சமையலறையும் அவளுக்குத் திரும்பக் கிடைச்சுதாம்!"

காஸிமிர் எழுந்தார். நேராகச் சமையலறைக்குப் போனார். டப்பாக்களெல்லாம் அவள் இஷ்டப்படி இடம் மாறியிருந்தன. எப்போது மாறின என்றே அவருக்குத் தெரியவில்லை.

"ஏண்டி, என்னை வச்சு நாடகமா ஆடின?"

"நாடகமா? நல்லாத்தானே செஞ்சிருக்கீங்க."

"அடுத்த வருஷம் செய்யமாட்டேன். இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். தொட்டியத் தூக்கிட்டுப் போகச் சொல்லு!"

ரெஜினா கோபப்படவில்லை. காப்பியை ஊற்றினாள்.

"சரி, விடுங்க. உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம். ஆர்னே நேத்து வேலிகிட்ட வந்து கேட்டாரு, வேணும்னா நான் கத்துக்கிட்டுச் செஞ்சு தரட்டுமான்னு."

"யாரு, ஆர்னேயா? மந்திரிக்கிற கூடையில லூத்தரன் செஞ்ச சாசேஜா? அந்த ஆளுக்கு உப்பு ஜாஸ்தியா, கம்மியான்னு சொல்லத் தெரியாது! நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்த வீட்டுக் கூடைக்கு நான்தான் செய்வேன். சாம்பல் புதன்ல கராஜ்ல உக்காந்தேன்னா ஈஸ்டருக்குத்தான் எழுந்திருப்பேன், பாத்துக்கோ!"

ரெஜினா காப்பித் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அண்ணே, ஃப்ளோரிடாவுக்கு எனக்கும் சேர்த்து மூணு டிக்கெட்டாப் போட்டுடு. இவருக்கு இங்க வேலை இருக்காம்."